இடுகுறிப் பெயரும் இயந்திரப் பொருள்களும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருகூறாக வகுத்து, அவை ஒவ்வொன்றையும் பொது என்றும் சிறப்பு என்றும் மேலும் பகுத்தல் நன்னூலார் முதலிய நம் இலக்கண ஆசிரியர் வழக்கு. மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். பறத்தல் பற்றிப் பறவை எனல் காரணப் பொதுப்பெயர். மரத்தைக் கொத்துதல் பற்றி மரங்கொத்தி எனல் காரணச் சிறப்புப்பெயர். இப்பகுப்பைப் பள்ளியில் நெட்டுருச் செய்தோர் பலர் தேர்வு முடிந்த மறுநாளே அதனை மறந்துவிடுவர். ஆயின், இக்காலத்து இயந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் பெயரிடுவோர் செய்யும் தொழிலை உற்று நோக்குவார்க்கு, அத்தொழிலின் உட்பொருளை இப்பழைய பகுப்பே நன்கு விளக்குதல் புலனாகும். ஒரு பெயரை இழந்தமையாற் பெருஞ்செல்வம் இழந்த வணிகர் உண்டு. ஒரு பெயரைத் தவறாக ஒலித்தான் என்று சக மாணவரால் நகைக்கப்பட்டு, அதன்பின் அவையில் வாய் திறக்க அஞ்சிய இளைஞரும் உண்டு. ஆதலின் இப்பெயர்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன, எவ்வாறு ஒலிக்கப்படுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பாரை எடுத்துக்கொள்வோம். நிழற்படம் எடுத்தல் என்பது கண்ணாடித் தகடுகளும் மருந்து நீர்களும் சுமந்து திரிவோர்க்கே உரிய கலையாக இருந்த காலத்தில், அதனை எவரும் கையாளத்தக்க எளிய செயலாக மாற்ற அவர் விரும்பினார். 1888-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட காமிராவின் விலை 25 டாலர். அதனுள்ளே 100 படம் எடுத்தற்குரிய சுருள் முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. படங்களை எடுத்து முடித்தவர் பெட்டியோடு அதனைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், 10 டாலர் கூலிக்குப் படங்களைத் துலக்கி, புதுச்சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவர். இக்கருவிக்கு அவர் இட்ட பெயரே 'கோடக்' என்பது. அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அது வணிகக்குறியாகப் பதிவு செய்யப்பெற்றது.

'கோடக்' என்னும் சொல்லுக்கு எம்மொழியிலும் பொருளில்லை. ஈஸ்ட்மன் அதனை வேண்டுமென்றே பொருளில்லாததாக ஆக்கினார். 'கே' என்னும் ஆங்கில எழுத்து அவருக்கு மிக விருப்பமானது. வன்மையும் கூர்மையும் உடைய எழுத்தென அதனை அவர் கருதினார். அவர் அன்னையார் பிறந்த குடியின் பெயராகிய கில்போர்ன் என்பதும் அவ்வெழுத்தையே முதலாக உடையது. அவ்வெழுத்தே முதலும் ஈறுமாக வரும்படி எழுத்துகளைப் பலவாறு கூட்டிப் பார்த்து இச்சொல்லைக் கண்டனர். இதற்கு அவர் காட்டிய காரணங்கள் மூன்று: சொல் குறுகியது, பிறழ ஒலித்தற்கு இடந்தராதது, தம் தொழிலில் வழங்கும் வேறு எச்சொல்லையும் ஒவ்வாதது. ககரத்தை வல்லெழுத்து என்று நம் இலக்கண நூலார் பெயரிட்டது எத்துணை நுண்ணிய செவியுணர்வால் என்பதை, தமிழறியாத இவ்வணிகரின் கூற்றும் ஒருவாறு உறுதி செய்கின்றதன்றோ?

இனி, பொருளுள்ள சொல்லை விடுத்துப் பொருளற்ற சொல்லை நாடுவானேன் எனின், அதற்குச் சட்டமே காரணம். தன் சரக்கைப் பிறர் சரக்கினின்றும் வேறு பிரித்துக் காட்டும் அடையாளத்தைத் தனக்கே உரியதாகக் கொள்ள வணிகனுக்கு உரிமை உண்டு. நம் நாட்டில் இதற்கென 1940-ஆம் ஆண்டில் முதன்முதல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பொழுது நடைமுறையில் உள்ளது. ஆயின் உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாகிய சொல்லை ஒருவன் தனக்கென வளைத்துக்கொள்ள எந்நாட்டுச் சட்டமும் எளிதில் இடங்கொடாது. இனிய பழம் விற்பவன் 'இனிப்பு' என்னும் சொல்லைத் தன் உடைமையாக்கினால் மற்றைய பழ வணிகர் என் செய்வர்? ஆதலின், பொருளின் இயல்பைக் கூறும் காரணப் பெயர் சட்டத்தின் முன் வலியற்றது. யாதொரு காரணமுமின்றி இட்ட இடுகுறிப் பெயரே வலியது. கணினி செய்வோர் பழத்தின் பெயராகிய 'ஆப்பிள்' என்பதைக் கொள்ளலாம்; பழ வணிகர் கொள்ள இயலாது. இலக்கண நூலார் சொல்லின் தன்மை உணர்த்தற்பொருட்டுச் செய்த பிரிவு, நீதிமன்றத்தில் உடைமையை வரையறுக்கும் பிரிவாக மாறி நிற்பது வியப்பே.

எண்களின் செய்தியும் இத்தகையதே. கணினியின் மூளை போன்ற நுண்சில்லுகளைச் செய்யும் இன்டெல் நிறுவனத்தார், 1978-இல் வெளியிட்ட 8086 தொடங்கி, தம் சில்லுகளுக்கு 286, 386, 486 என எண்களையே பெயராக வழங்கி வந்தனர். போட்டி நிறுவனத்தாரும் அவ்வெண்களையே தம் சில்லுகளுக்கு இட்டனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 386 என்னும் எண்ணை வணிகக்குறியாகக் காத்தல் இயலாது என 1991-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண் எவர்க்குச் சொந்தம்? அதன்பின் 586 என வரவேண்டிய சில்லுக்கு, பெயரிடுதலையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் துணையால் 'பென்டியம்' என்னும் பெயர் அமைந்தது; 1993-இல் அது விற்பனைக்கு வந்தது. ஐந்து என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகிய 'பென்டெ' முதலில் நிற்க, சோடியம், ரேடியம் முதலிய தனிமங்களின் பெயர்களில் வரும் ஈறு பின்னே சேர்ந்தது. எண் வேண்டாமென்று கைவிட்டவர் அவ்வெண்ணையே கிரேக்கப் போர்வைக்குள் மறைத்து வைத்தமை நயமானது. ஆனால் ஆறாம் தலைமுறைச் சில்லு வந்தபொழுதும் ஐந்தின் பெயரை மாற்ற மனமின்றி, 'பென்டியம் புரோ' என்றும், பின்னர் 'பென்டியம் 2' என்றும் வழங்கினர். காரணப் பெயராகப் பிறந்தது இடுகுறிப் பெயராக முதிர்ந்தது எனலாம்.

பெயர் சட்டத்தைக் கடந்தால் மட்டும் போதாது, கடலையும் கடக்கவேண்டும். ஜப்பான் நாட்டில் மசாரு இபுகா, அகியோ மொரிட்டா என்னும் இருவர் 1946-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் தொடங்கினர். 'டோக்கியோ ட்சூஷின் கோக்யோ' என்பது அதன் பெயர். அமெரிக்கா சென்ற மொரிட்டா, அந்நாட்டார் எவர் நாவிலும் இப்பெயர் நுழையாமை கண்டார். ஒலி எனப் பொருள்படும் 'சோனஸ்' என்னும் இலத்தீன் சொல்லும், சிறுவரை அன்பொடு விளிக்கும் 'சன்னி' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவர் கருத்தைக் கவர்ந்தன. ஆயின் 'சன்னி' என்பதை ஆங்கிலத்தில் உள்ளவாறு எழுதினால் ஜப்பானியர் அதனைச் 'சொன்னி' என ஒலிப்பர். 'சொன்' என்பது அம்மொழியில் நட்டம். வணிகன் தன் வாயிலில் நட்டம் என்று பலகை மாட்டலாகுமா? ஆதலின் இரட்டித்த னகரத்துள் ஒன்றைக் களைந்து 'சோனி' எனக் கொண்டனர். 1955-இல் வானொலிக் கருவிகளில் அப்பெயர் பொறிக்கப்பட்டது. 1958-இல் நிறுவனத்தின் பெயரே அதுவாயிற்று.

இதில் நம்மனோர்க்கு ஒரு நகைச்சுவையும் உண்டு. மெலிந்து வலியற்றிருப்பவனைச் 'சோனி' என்பது தமிழ் வழக்கு. தன் நாட்டில் நட்டத்தினின்றும் தப்பிய பெயர் நம் நாட்டில் நோஞ்சானாக வந்து நிற்கின்றது! எனினும் அக்கருவியை வாங்குவோர் எவரும் அப்பொருளை நினைப்பதில்லை. அமெரிக்க மோட்டார் நிறுவனம் ஒன்று 'நோவா' எனப் பெயரிட்ட வண்டி, ஸ்பானிய மொழியில் 'ஓடாது' எனப் பொருள்பட்டமையால் அம்மொழி வழங்கும் நாடுகளில் விலைபோகவில்லை என்று வாணிகம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் கூறுவர். அது கட்டுக்கதை. மெக்சிக்கோவிலும் வெனிசுவேலாவிலும் அவ்வண்டி நன்றாகவே விற்றது. வேறு சொற்களைச் சார்ந்து ஒருங்கு நிற்கும் பெயரைச் செவி ஒரே சொல்லாகக் கொள்ளுமேயன்றிப் பிளந்து பொருள் காணாது. ஆனால் இத்தகைய கதைகள் யாவும் பொய் என்றும் தள்ளலாகாது. மிட்சுபிஷி நிறுவனத்தாரின் 'பஜேரோ' என்னும் வண்டி, அச்சொல் ஸ்பானிய மொழியில் அவையில் கூறத்தகாத வசையாதலின், ஸ்பெயின் நாட்டிலும் அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலும் 'மொன்டேரோ' என்னும் வேறு பெயரோடு சென்றது. மெலிவைச் சுட்டும் சொல்லை மக்கள் பொறுப்பர். இழிசொல்லைப் பொறார் போலும்.

பெயரிடுதலில் எல்லாம் இத்துணை முன்யோசனையோடு நிகழ்வதில்லை. அருகிலுள்ள கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் முறைக்கு 'புளூடூத்' என்னும் பெயர், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனின் பட்டப்பெயரினின்றும் எடுக்கப்பட்டது. நீலப்பல்லன் என்பது அதன் பொருள். பகைத்திருந்த குலத்தாரை அவன் ஒன்று சேர்த்தது போல் இம்முறையும் வெவ்வேறு நிறுவனத்தார் கருவிகளை ஒன்றுசேர்க்கும் என்பது கருத்து. நல்ல பெயர் கிடைக்கும் வரையில் வழங்குதற்கென ஏற்பட்டதே அது. வேறு பெயர்கள் சட்டச் சோதனையில் நில்லாமையால் இதுவே நிலைத்துவிட்டது. கூகுள் நிறுவனத்தின் பெயரோ ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. ஒன்றன்பின் நூறு சுழியம் இட்ட எண்ணுக்கு 'கூகோல்' எனப் பெயரிட்டவன், எட்வர்டு காஸ்னர் என்னும் கணித அறிஞரின் உறவினனாகிய ஒன்பது வயதுச் சிறுவன். அப்பெயரைக் கருதியே 1997-இல் இணையத்தில் பதிவு செய்யப் புகுந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் எழுத்தைப் பிறழ எழுதினர். பிழையே பெயராயிற்று.

'வைஃபை' என்பதன் வரலாறு இன்னும் விசேஷமானது. கம்பியில்லா இணைப்பு முறைக்கு அதனை வகுத்த பொறியாளர் வழங்கிய குறி 802.11 என்பது. அதனை எவர் நினைவிற்கொள்வர்? 1999-ஆம் ஆண்டில் பெயரிடும் நிறுவனம் ஒன்றை அமர்த்தி, இசைக்கருவிகளைப் பற்றி வழங்கிய 'ஹைஃபை' என்னும் சொல்லின் எதுகையாக இதனை ஆக்கினர். எதுகையன்றி இதற்கு வேறு காரணமில்லை. ஆயினும் அது எச்சொற்றொடரின் குறுக்கம் என மக்கள் வினவியமையால், ஒரு சொற்றொடரைப் பின்னர்ப் புனைந்து விளம்பரத்தில் சேர்த்தனர். அதுவே மூலமென இன்றும் பலர் எழுதுகின்றனர். இடுகுறியைப் பொறாது காரணத்தைத் தேடி அலைவது மனித இயல்பு; நம் ஊர்ப் பெயர்களுக்குத் தலபுராணங்களிற் கூறும் காரணங்களை நோக்குவார்க்கு இது புதிதன்று.

இனி ஒலிப்பைப் பற்றிக் கூறுவோம். மேலே கூறிய வைஃபை என்பதனையே பிரெஞ்சுக்காரர் 'வீஃபீ' என்கின்றனர். எழுத்து ஒன்றே, நா வேறு. ஜப்பானியர் தம் நிக்கோன் காமிராவை 'நிக்கோன்' என்றே கூற, அமெரிக்கர் 'நைக்கான்' என்கின்றனர். இவ்வாறு வேற்று நாட்டார் வேறுபட ஒலித்தல் இயல்பே. ஒரே மொழி பேசுவார்க்குள்ளும் வழக்கு எழுவதே வேடிக்கை. அசையும் சிறு படங்களைக் கணினியில் அனுப்பப் பயன்படும் படவகை ஒன்று, 1987-ஆம் ஆண்டில் ஸ்டீவ் வில்ஹைட் என்பாரின் தலைமையில் ஆக்கப்பெற்றது. மூன்று சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்த அதன் பெயர், 'ஜி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குவது. அவ்வெழுத்தோ 'கிஃப்ட்' என்பதில் வல்லோசையின் குழைவாகவும், 'ஜெம்' என்பதில் ஜகரமாகவும் ஒலிப்பது. 'ஜிஃப்' என்பதே சரியென ஆக்கியோர் கூறினார். 2013-இல் தமக்கு ஒரு விருது வழங்கப்பட்ட மேடையிலும் அதனையே தம் ஏற்புரையாக எழுத்திற் காட்டினார். எதிர்க்கட்சியாரோ, அப்பெயரின் முதற்சொல் 'கிராபிக்ஸ்' அன்றோ, அதனை 'ஜிராபிக்ஸ்' என்பார் உண்டோ என வினவுகின்றனர். 2022-இல் அவர் மறைந்தார், வழக்கு மறையவில்லை. அகராதிகள் இரண்டையும் ஏற்றுக்கொண்டன.

'லினக்ஸ்' என்னும் மென்பொருளின் செய்தியும் நோக்கத்தக்கது. பின்லாந்து நாட்டில் சுவீடிய மொழி பேசும் குடியிற் பிறந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதனை ஆக்கினார். அவர் எண்ணிய பெயர் வேறு. கோப்புகளைத் தம் கணினியில் ஏற்றிவைத்த நண்பரே ஆக்கியோன் பெயரைத் தழுவி அதற்கு இப்பெயரிட்டார். நாம் ஆங்கில முறையில் அவரை 'லைனஸ்' என எழுதினோம். அவர் தம் தாய்மொழியில் தம் பெயரை 'லீனுஸ்' என்பது போல் ஒலிப்பார். மென்பொருளின் பெயரைத் தாம் ஒலிக்கும் முறையையும் தம் குரலிலேயே பதிவு செய்து வெளியிட்டார். கேட்டார் பலர், பின்பற்றினார் சிலர். குழந்தைக்குப் பெற்றோர் இடும் பெயர் ஒன்று, ஊரார் அழைக்கும் பெயர் ஒன்று என்பது நம் நாட்டில் யாவரும் அறிந்த செய்தி. பெற்றோர் உரிமை பதிவேட்டின் அளவினதே. தெருவில் அது செல்லாது.

இவ்விடத்தில், கிராமப் பள்ளியினின்றும் வந்த மாணவனொருவன் ஓர் இயந்திரப் பெயரைத் தன் வாய்க்கு ஏற்றவாறு கூறும்பொழுது, நகரத்து மாணவர் நகைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல் கூறாது செல்ல நம்மால் இயலவில்லை. 'செராக்ஸ்' என்று அவன் கூறினால் 'ஸெராக்ஸ்' என்று திருத்துவர். அப்பெயரின் வரலாற்றையே நோக்குவோம். செஸ்டர் கார்ல்சன் என்பார், 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நியூயார்க்கு நகரத்து அஸ்டோரியா என்னும் பகுதியில், ஈர மருந்து யாதுமின்றி, மின்னேற்றமும் பொடியும் கொண்டே எழுத்தைப் படியெடுக்கும் முறையைக் கண்டார். அந்நாளையும் அவ்விடத்தையும் குறிக்கும் எழுத்துகளே அவர் எடுத்த முதற்படி. இம்முறையை விலைக்குக் கொண்ட ஹாலாய்டு என்னும் நிறுவனமும் ஈஸ்ட்மனின் ராச்செஸ்டர் நகரத்ததே. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரேக்க இலத்தீன் பேராசிரியர் ஒருவர், உலர்ந்தது எனப் பொருள்படும் 'க்ஸேரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லோடு எழுத்து என்னும் பொருட்சொல்லைக் கூட்டி அம்முறைக்குப் பெயர் தந்தார். அதனைக் குறுக்கி, கோடக்கைப் போலவே முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் ஒன்றாக அமைத்து ஆக்கியதே அப்பொறியின் பெயர். 1961-இல் அந்நிறுவனமும் அப்பெயரையே மேற்கொண்டது.

கிரேக்கர் நாவில் அச்சொல் ககர மெய்யும் ஸகரமும் கூடிய 'க்ஸ' என்னும் ஒலியை முதலில் உடையது. ஆங்கிலத்தில் அக்கூட்டொலி சொல்லின் ஈற்றில் வரும், முதலில் வாராது. ஆகவே ஆங்கிலேயர் ககரத்தை அறவே விடுத்து, எஞ்சியதைத் தம் 'ஸெட்' என்னும் எழுத்தின் ஒலியாக மாற்றிக்கொண்டனர். தம் மொழியில் மொழிமுதல் ஆகாத ஒலியை ஆங்கிலேயர் மாற்றியவாறே, தன் மொழியில் இல்லாத அவ்வொலியைத் தமிழ் மாணவன் சகரமாக மாற்றினான். முன்னையது இலக்கணம், பின்னையது அறியாமை என்பது எவ்வகை நீதி? கிரேக்கன் ஒருவன் அவ்வகுப்பில் இருந்தால் நகைத்தவரையும் நகைக்கப்பட்டவரையும் ஒருசேர நகைப்பான்.

பிறமொழிச் சொல்லைத் தன் எழுத்துக்கேற்பத் திரித்துக் கோடல் தமிழுக்குத் தொல்காப்பியர் காலந்தொட்டே விதியாக உள்ளது. ட, ர, ல என்பன மொழிக்கு முதலாகா. ஆதலின் இராமன், உலோகம் என்றோம். அவ்வழியே இரயில் வந்தது. வல்லின மெய் மொழிக்கு ஈறாகாது. ஆதலின் 'பேங்க்' என்பது 'பேங்கு' ஆயிற்று. பிறழ ஒலித்தற்கு இடமில்லாத பெயரெனத் தாம் தேர்ந்ததை ஈஸ்ட்மன் பெருமையாகக் கூறினாரன்றோ? அவர் தமிழரைக் கண்டிலர். 'கோடக்' என்பதன் நடுவிலுள்ள டகரம், உயிர்களின் இடையே நிற்றலால் குழைந்து அவர் விரும்பியவாறே நம் நாவில் ஒலிக்கும். ஆயின் அவர் மிக விரும்பிய ஈற்றுக் ககரம் தனித்து நிற்கமாட்டாது, குற்றியலுகரம் பெற்று 'கோடாக்கு' என்றே முடியும்.

நூல் விதியின்றி மக்கள் செவியே வகுத்த விதியும் ஒன்றுண்டு. ஆப்பிள், டேபிள், சைக்கிள், கூகுள் என இவற்றின் ஈற்றில் ளகரம் எழுதுகின்றோம்; மெயில், பில், பெட்ரோல் என்பவற்றில் லகரம் எழுதுகின்றோம். ஆங்கிலத்தில் இரண்டற்கும் எழுத்து ஒன்றே. எனின் இவ்வேறுபாடு யாங்ஙனம் வந்தது? முன்னவற்றில் அம்மெய்க்கு முன் உயிரொலி இன்றி, வேறொரு மெய்யைச் சார்ந்தே அது நிற்கின்றது. அந்நிலையில் ஆங்கிலேயர் நாவின் பின்புறத்தை உயர்த்தித் தடித்த ஓசையாக ஒலிப்பர். அத்தடிப்பைத் தமிழ்ச்செவி ளகரமாகக் கொண்டது. இதனை எப்புலவரும் கற்பிக்கவில்லை. மிதிவண்டிக் கடைக்காரரும் பழக்கடைக்காரரும் செய்த ஒலியாராய்ச்சி இது. இதனினும் நுட்பமானதை நாம் கண்டிலேம்.

நம் எழுத்து ஒரு வகையில் மறைக்கும், ஒரு வகையில் வெளிப்படுத்தும் என்பதும் ஈண்டு உணரத்தக்கது. கூகுள் என்பதிலுள்ள முதற்ககரம் வல்லோசையா, குழைந்த ஓசையா என்பதை நம் எழுத்துக் காட்டாது. ஆனால் மேலே கூறிய படவகையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோன் ஒலிப்பை ஒளித்துக்கொண்டு எழுதலாம். தமிழில் எழுதுவோனோ ஜிஃப், கிஃப் என்னும் இரண்டனுள் ஒரு கட்சியை மேற்கொண்டே எழுதுகோலை எடுத்தல் வேண்டும். இவற்றில் வரும் ஆய்தம் பழைய ஆய்தம் அன்று என்பதும், குற்றெழுத்தின் பின்னன்றி வாராத அது 'வைஃபை' என்பதில் ஐகாரத்தின் பின் வந்து நிற்பதும் இலக்கணம் வல்லார்க்கு வருத்தம் தருவனவே. அஃது இருக்க.

பெயர் மக்கள் வாயில் நன்கு வழங்கவேண்டுமென வணிகன் விரும்புகின்றான். மிக நன்றாக வழங்கினாலோ அதனை இழக்கின்றான். இதுவே அவனுக்கு நேரும் இடர். சிறப்புப்பெயர் பொதுப்பெயராக மாறிய நாளில் சட்டம் அவனைக் கைவிடும். வலி நீக்கும் மருந்தாகிய 'ஆஸ்பிரின்' என்பது 1899-இல் ஜெர்மானிய நிறுவனமாகிய பாயர் இட்ட பெயர்; 1921-இல் அமெரிக்க நீதிமன்றம் அது பொதுமக்கள் வழக்கில் மருந்தின் பெயராகவே ஆயிற்றெனத் தீர்த்தது. 'செல்லோபேன்' 1936-இலும், நகரும் படிக்கட்டாகிய 'எஸ்கலேட்டர்' 1950-இலும், சுடுநீர்க் குடுவையாகிய 'தெர்மாஸ்' 1963-இலும் அந்நாட்டில் அவ்வாறே தம் உரியவர் கையை விட்டன. இவர்களுள் எவரும் பெயரிடுதலில் தவறியவரல்லர். பொருள் அத்துணைப் புதிது; அதற்கு வேறு பொதுப்பெயர் இல்லை; மக்கள் கையில் இருந்த ஒரே சொல்லைப் பயன்படுத்தினர்.

இவற்றுள் நம்மோடு நெருங்கிய உறவுடையது விளக்கெண்ணெயின் பெயர். கனடா நாட்டு மருத்துவரும் நிலநூல் வல்லாருமாகிய ஆபிரகாம் கெஸ்னர், நிலக்கரி முதலியவற்றினின்றும் வடித்த எண்ணெய்க்கு, மெழுகு எனப் பொருள்படும் 'கேரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லினின்றும் 'கெரோசீன்' எனப் பெயர் ஆக்கி, 1854-இல் வணிகக்குறியாகப் பதிவு செய்தார். அது பின்னர் எவர்க்கும் உரிய பொதுச்சொல்லாயிற்று. கப்பலேறி அது நம் நாட்டுக்கு வந்தபொழுது கற்றோர் மண்ணெண்ணெய் என்றும் சீமை எண்ணெய் என்றும் மொழிபெயர்த்தனர். சிற்றூரார் மொழிபெயர்க்கவில்லை. 'கெரோசின் ஆயில்' என்பதைச் செவியாற் கேட்டு, தாம் நன்கறிந்த தெய்வப் பெயரோடு அதனைப் பொருத்தி, 'கிருஷ்ணாயில்' என்றனர். கிரேக்க மெழுகு கண்ணன் திருப்பெயரில் கரைந்தது. இடுகுறியாகத் தம் செவிக்கு வந்ததைக் காரணமுடையதாக ஆக்கிக்கொள்ளும் இவ்வேட்கையை மேலே வைஃபையிலும் கண்டோம்.

செராக்ஸ் நிறுவனத்தார் இவ்விடரை நன்கறிந்தவர். தம் பெயரைப் படியெடுத்தல் என்னும் பொதுப்பொருளில் வழங்கற்க எனப் பல்லாண்டு விளம்பரம் செய்து மக்களை வேண்டிவந்தனர். தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் அவ்வேண்டுகோள் சென்று சேர்ந்ததாகத் தெரியவில்லை. கல்லூரி வாயிலுக்கு எதிரிலும், வட்டாட்சியர் அலுவலகத்தின் அருகிலும், பேருந்து நிலையத்தின் உள்ளும் 'ஜெராக்ஸ்' என்று பெரிதாக எழுதிய பலகைகள் தொங்குகின்றன. சாதிச் சான்றிதழுக்கு இரண்டு ஜெராக்ஸ், குடும்ப அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ் எனக் கேட்டு வாங்கிச் செல்வோர், ராச்செஸ்டரையும் அறியார், கிரேக்கத்தையும் அறியார். அக்கடைகளின் உள்ளே நின்று ஓயாது ஒளிவிட்டுப் படியெடுக்கும் பொறியின் நெற்றியிலோ, பெரும்பாலும், வேறு நிறுவனத்தார் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும்.